சின்ன ஜிம்னிக்கு முதலில் எது: கியரா, லாக்கரா?

“அண்ணே, லாக்கர் போட்டா மேடு ஏறிடுமா?”

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது, ஃபோர்வீல் வண்டிகளைப் பார்க்கும் பட்டறைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கேட்பவரிடம் பெரும்பாலும் ஒரு பழைய சுசுகி ஜிம்னி இருக்கும். அவர் ரவூப், பெந்தோங் பக்கம் மலைச்சரிவில் டுரியான் டுசுன் பார்ப்பவராக இருக்கலாம். லோஜிங்கிலோ கேமரன் மலையிலோ காய்கறி ஏற்றுபவராக இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் ஒப்பந்த வேலை எடுத்திருப்பவராகவும் இருக்கலாம். வார இறுதியில் நண்பர்களோடு காட்டுப் பாதைக்குப் போகும் நகரத்துத் தம்பிகளும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

ஏறும் என்பதுதான் பதில். ஆனால் ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும், அதுவும் பெரும்பாலும் சுமையோடு. இறக்கத்தில் வண்டியை அடக்கிப் பிடிப்பது கியர். லாக்கருக்கு அந்த வேலை தெரியாது. சில சரிவுகளில் லாக்கரே வண்டியின் பின்பக்கத்தைப் பள்ளத்தை நோக்கி நகர்த்திவிடும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இருப்பவருக்குக் கவலையில்லை. ஒன்றுக்கு மட்டும் பணம் சேர்த்து வைத்திருப்பவர்தான் யோசிக்க வேண்டும். இந்தக் கட்டுரை அவருக்காக.

முதலில் ஒரு சொல் விளக்கம். கியருக்குப் பற்சக்கரம் என்று தமிழில் நல்ல சொல் உண்டு. தமிழ் படித்தவன் என்பதால் அதையே எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டறையில் போய், “பற்சக்கர விகிதம் என்ன?” என்று கேட்டால், தவுக்கே நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அதனால் கியர், டிஃப், லாக்கர், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று புழங்கும் சொற்களையே இங்கே எழுதுகிறேன்.

எது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வண்டி சிக்கிக்கொள்ளும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, நான்கு சக்கரமும் தரையைப் பிடித்திருக்கும், ஆனால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கிளட்சைப் பாதி மிதித்து, எஞ்சினை உறும விட்டு, ஓடி வந்து மோதி ஏற வேண்டியிருக்கும். கிளட்ச் கருகும் வாசனை வரும். அதே பாதையில் இறங்கும்போது முதல் கியரிலும் வண்டி வேகம் பிடிக்கும், கால் பிரேக்கை விட்டு எழாது. இது கியர் குறைபாடு.

மற்றொன்றில் எஞ்சினுக்குத் திணறலே இருக்காது. ஒரு சக்கரம் மட்டும் காற்றிலோ சேற்றிலோ சுழன்றுகொண்டிருக்கும், வண்டி இருந்த இடத்திலேயே நிற்கும். இது லாக்கர் இல்லாத குறை.

இந்த மழைக்காலத்தில் உங்கள் வண்டி எத்தனை முறை எந்த வகையில் நின்றது என்று எண்ணிப் பாருங்கள். பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. காணொளியில் ஒரு வண்டி மூன்று காலில் நின்றபடி பாறையில் ஏறுவதைப் பார்த்துவிட்டு லாக்கர் வாங்க வந்துவிடுகிறார்கள்.

கியர் கணக்கு

எஞ்சின் சுற்றுக்கும் சக்கரச் சுற்றுக்கும் நடுவே மூன்று இடங்களில் வேகம் குறைகிறது. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், அச்சில் உள்ள கிரவுன்-பினியன் என்பவை அந்த மூன்று இடங்கள். மூன்று விகிதங்களையும் பெருக்கினால், எஞ்சின் எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பது தெரியும். எண் பெரிதாக இருந்தால் வண்டி மெதுவாகப் போகும், சக்கரத்துக்கு வரும் முறுக்கு விசை அதிகமாக இருக்கும்.

1.3 லிட்டர் எஸ்ஜே413 வண்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இதே வண்டி சாமுராய் என்ற பெயரில் விற்கப்பட்டது. இணையத்தில் உதிரி பாகம் தேடுபவர்கள் அந்தப் பெயரைத் தட்டினால்தான் நிறையக் கிடைக்கும். இதன் முதல் கியர் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.268, அச்சு 3.727. பெருக்கினால் ஏறக்குறைய 31. அதாவது எஞ்சின் 31 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

இந்த 31 என்ற எண் தொழிற்சாலையிலிருந்து வந்த டயருக்கு உரியது. 205/70ஆர்15 அளவுள்ள அந்த டயரின் உயரம் சுமார் 26.3 அங்குலம். பலரும் அதைக் கழற்றிவிட்டு 31 அங்குல மண் டயரைப் போடுகிறார்கள். டயர் 18 விழுக்காடு உயர்கிறது. கியர் விகிதம் அப்படியே இருந்தாலும், வண்டி 18 விழுக்காடு உயரமான கியரில் ஓடுவதற்குச் சமம். சக்கரம் பெரிதானதால் முறுக்கு விசையும் அந்த அளவுக்கு இளைத்துப்போகும். டயர் மாற்றியதும், “வண்டி இழுக்க மாட்டேங்குது” என்று வருபவர்களின் கதை இதுதான். எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது.

வேகமானியும் பொய் சொல்லும். டயரை மட்டும் இப்படி மாற்றியிருந்தால், மீட்டர் 90 காட்டும்போது வண்டி உண்மையில் 106 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கூட்டரசு சாலையில் 90 தான் வரம்பு என்பதையும், கேமரா உங்கள் மீட்டரைப் பார்த்துப் படம் எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது இறக்கத்துக்கு வருவோம். 31 அங்குல டயரோடு, மாற்றாத கியரில், ஃபோர் லோ முதல் கியரில் எஞ்சின் 2,000 சுற்றில் பிடித்துக்கொண்டு இறங்கினால் வேகம் மணிக்கு 9.6 கிலோமீட்டர். டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே லோ விகிதத்தை 4.16 ஆக்கும் கிட் போட்டால், மொத்த விகிதம் 31-லிருந்து 56-க்கும் மேலே போகிறது. அதே 2,000 சுற்றில் வேகம் 5.2 கிலோமீட்டர்தான். மனிதன் நடக்கும் வேகம். எஞ்சினை ஐடிலில் விட்டால் அதிலும் பாதிக்குக் குறைவு.

9.6-க்கும் 5.2-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஈரமான செம்மண் இறக்கத்தில், பின்னால் கோஸ் மூட்டைகளோடு வரும் வண்டிக்கு அது பெரிய வித்தியாசம். 9.6-இல் வரும் ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டாக வேண்டும். தொட்டால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வழுக்கும் சக்கரத்துக்கு ஸ்டேரிங் கட்டுப்படாது. 5.2-இல் இறங்குபவர் காலைத் தரையில் வைத்துக்கொண்டு ஸ்டேரிங்கை மட்டும் பார்த்தால் போதும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தும் குறைகிறது. கிளட்ச் மிச்சமாவது தனி இலாபம்.

எந்த இடத்தில் மாற்றுவது?

ஜிம்னி வரிசையில் ஒரு வசதி உண்டு. பழைய எஸ்ஜே வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டைத் தண்டு, அதற்குப் பின்னால் தனிப்பெட்டியாக டிரான்ஸ்ஃபர் கேஸ். அதை மட்டும் கழற்றி, மேசையில் வைத்து வேலை செய்யலாம். லோ விகிதத்தை மட்டும் பெரிதாக மாற்றி, சாலையில் ஓட்டும் ஹை விகிதத்தை அதிகம் தொடாமல் விடும் கிட்கள் இந்தப் பெட்டிக்கு வெளிநாட்டில் தயாராகின்றன. வேலை வண்டிக்கு என் தேர்வு இதுதான். தார்ச்சாலையில் வண்டி பழையபடி ஓடும், லோ போட்டால்தான் வேறு வண்டியாகும்.

கிட்டைப் பொறுத்து ஹை விகிதமும் கொஞ்சம் மாறலாம். எந்த ஆண்டு வண்டியின் எந்தக் கேஸுக்கு உரியது என்று எழுத்து மூலம் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கப்பலில் வந்த பெட்டியைத் திறந்த பிறகு பொருந்தாது என்று தெரிந்தால், திருப்பி அனுப்பும் செலவிலேயே மனம் வெறுத்துவிடும்.

4.16-க்கு மேல் 4.9, 6.5 என்றும் கிட்கள் உண்டு. நம் நாட்டுக்கு 6.5 தேவையில்லை என்பது என் கருத்து. அது பாறைக்கு. நமக்குப் பெரும்பாலும் சேறு. சேற்றில் டயர் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால்தான் இடுக்குகளில் அடைத்த மண்ணை உதறும். கியரை அளவுக்கு மேல் குறைத்தால் எஞ்சின் கத்தும், டயர் மண் உருண்டையாகி மெதுவாகச் சுழலும். 4.16-இல் மூன்றாவது கியர் போட்டால் மொத்த விகிதம் 22 வரும். சேற்றில் ஓட்ட அது சரியான இடம். 6.5-இல் அதே வேகத்துக்கு நான்காவது கியர் வரை போக வேண்டும்.

கையில் காசு குறைவு என்பவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. 1.0 லிட்டர் எஸ்ஜே410 வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை 1.580, லோ 2.511. எஸ்ஜே413-இல் இவை 1.409, 2.268. 410-இன் பெட்டியைத் தேடிப் பிடித்து 413-க்கு மாட்டினால் ஹையில் 12 விழுக்காடும் லோவில் 11 விழுக்காடும் கிடைக்கும். 31 அங்குல டயர் பறித்துக்கொண்டதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். போட்டோங் கடையில் தண்டு மூடியின் துளைகள் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

எஸ்ஜே410 வைத்திருப்பவர்கள் ஹை விகிதத்தை மேலும் குறைக்க வேண்டாம். நான்கு கியர் 410, மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும்போதே எஞ்சின் 4,000 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னும் குறைத்தால் பட்டணத்துக்குப் போய்வருவதே தண்டனையாகிவிடும்.

மூன்றாவது வழி, அச்சில் உள்ள கிரவுன்-பினியனை மாற்றுவது. இது ஹை, லோ இரண்டையும் சேர்த்துக் குறைக்கும். டயர் பெரிதானதைச் சமன் செய்ய இது நேரான வழிதான். ஆனால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்றியாக வேண்டும். இந்த இடத்தில்தான் போட்டோங் கடைச் சாமான் பலரைக் கவிழ்த்துவிடுகிறது. எஸ்ஜே410-இன் அச்சு 4.111, எஸ்ஜே413-இன் அச்சு 3.727. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. பின்னால் ஒன்று, முன்னால் மற்றொன்று என்று மாட்டிவிட்டு ஃபோர்வீல் போட்டால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் போக முயலும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். கெட்டித் தரையில் ஒன்றையொன்று முறுக்கி, பலவீனமான பாகம் எதுவோ அது உடையும்.

சோதிக்க எளிய வழி, பற்களை எண்ணுவது. பெரிய சக்கரத்தில் 37, சின்னதில் 9 என்றால் 4.111. 41-ம் 11-ம் என்றால் 3.727. டிஃப் மூடியிருந்தால் அச்சை ஸ்டாண்டில் ஏற்றி, மறு அச்சின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் தண்டு நான்கு சுற்றுக்குச் சற்று மேலே போனால் 4.111. நான்கை எட்டாமல் நின்றால் 3.727. முன் அச்சில் இதைச் செய்யும்போது ஹப் பூட்டியிருக்க வேண்டும். ஜாக் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் லோவைப் பெரிதாக்குபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எஸ்ஜே வண்டிகளில் அந்தப் பெட்டி மூன்று கைகளில், ரப்பர் தாங்கிகளின் மேல் தொங்குகிறது. முறுக்கு விசை 1.8 மடங்கு ஆகும்போது பெட்டி திருகிக்கொள்ளும், ரப்பர் கிழியும், சில சமயம் கையே விரிசல் விடும். வலுவான தாங்கியும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

லாக்கர் என்ன செய்கிறது?

பள்ளி விளையாட்டுப் போட்டி அணிவகுப்பில் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்துத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள் ஓரத்துப் பிள்ளை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும். வெளி ஓரத்துப் பிள்ளை ஓட வேண்டியிருக்கும். வளைவில் வண்டியின் சக்கரங்களுக்கும் இதே நிலைதான். வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃப்.

சாதாரண டிஃப்பின் குணம், இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையையே கொடுப்பது. ஒரு சக்கரம் காற்றில் தூக்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. அப்போது தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே ஒன்றுமில்லாத அளவுதான் போகும். ஃபோர்வீல் போட்டும் வண்டி நிற்பது இதனால்தான். முன்னால் ஒன்றும் பின்னால் குறுக்கே ஒன்றும் பிடியை இழந்துவிட்டால், நான்கு சக்கர வண்டி நான்கு சக்கரமும் இருந்தும் நகராது. லாக்கர் இடது, வலது அரைத் தண்டுகளை ஒன்றாகப் பூட்டி, பிடியுள்ள சக்கரத்தைக் கட்டாயமாகச் சுற்ற வைக்கிறது.

இங்கே பெரோடுவா கெம்பாரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1998 முதல் விற்கப்பட்ட அந்த வண்டியிலும் லாக் பொத்தான் உண்டு. அது நடு டிஃப்பைப் பூட்டுவது, அதாவது முன் அச்சையும் பின் அச்சையும் இணைப்பது. மேலே சொன்ன லாக்கர் அது அல்ல. கெம்பாராவில் லோ ரேஞ்சும் கிடையாது. நல்ல டயர் போட்டு, அதன் எல்லைக்குள் ஓட்டுவதே அந்த வண்டிக்கு மரியாதை.

பக்கச் சரிவு

லாக்கர் விற்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. செம்பனைத் தோட்டத்துப் படிக்கட்டுப் பாதையையோ, மலை டுசுனின் வெட்டுப் பாதையையோ நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். மழையில் பாதையே பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஒரு டயருக்கு உள்ள பிடி ஓர் அளவுக்கு உட்பட்டது. முன்னே தள்ளவும் பக்கவாட்டில் நழுவாமல் நிற்கவும் அந்த ஒரே பிடியைத்தான் பங்கிட வேண்டும். டயர் வீணாகச் சுழல ஆரம்பித்தால் பக்கவாட்டுப் பிடியும் போய்விடும். சாதாரண டிஃப் உள்ள வண்டியில், சுமை குறைந்த மேட்டுப் பக்கச் சக்கரம் சுழலும். பள்ளத்துப் பக்கச் சக்கரம் சுழலாமல் நின்று, நங்கூரம் போல வண்டியைப் பிடித்திருக்கும். வண்டி முன்னேறாது, ஆனால் கீழேயும் போகாது. லாக்கர் பூட்டியிருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடியை விடும். வால் பள்ளத்தை நோக்கி நகரும். முன் லாக்கரும் பூட்டியிருந்தால் மூக்கும் சேர்ந்து போகும்.

அதனால் மலைச்சரிவில் வேலை செய்யும் வண்டிக்கு லாக்கர் போடுவதானால், தேவைப்படும்போது பூட்டி, தேவையில்லாதபோது திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். காற்றழுத்தத்தில் வேலை செய்வது, மின்சாரத்தில் வேலை செய்வது என்று வகைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் காற்று லாக்கர் நம் நாட்டிலும் பரவலாகத் தெரிந்த பெயர். இவற்றுக்குச் செலவு அதிகம். டிஃப்பை வெளியே எடுத்து, கிரவுன் சக்கரத்தைப் புதிய கூட்டில் மாட்டி, பல்லுக்குப் பல் இடைவெளியை அளந்து சரிசெய்ய வேண்டும். அதைக் கையால் ஆட்டிப் பார்த்து, “சரியா இருக்கு பாஸ்” என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். அளவுக் கருவியும், பல் படியும் இடத்தைக் காட்டும் சாயமும் வைத்து வேலை செய்பவரைத் தேடுங்கள். இடைவெளி தவறினால் சில மாதங்களில் ஊளைச் சத்தம் தொடங்கும். பிறகு கிரவுன்-பினியன் ஜோடியே போய்விடும்.

மலிவான வகை, தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர். பழைய கூட்டுக்குள்ளேயே ஸ்பைடர் கியர்களை எடுத்துவிட்டு இதைப் பொருத்தலாம். கிரவுன்-பினியன் இடைவெளியைத் தொட வேண்டியதில்லை. எண்ணெய் மிதித்தால் பூட்டும், காலை எடுத்து வளைந்தால் டக் டக் என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். வார இறுதி வண்டிக்கு இது போதும். தினசரி வண்டிக்கு யோசிக்க வேண்டும். எஸ்ஜே வண்டிகளின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.03 மீட்டர்தான். இவ்வளவு குட்டையான வண்டியில் பின்னால் இது இருந்தால், வளைவில் எண்ணெய் மிதிக்கும்போதும் விடும்போதும் வண்டி பக்கவாட்டில் இழுப்பதை உணர முடியும். ஈரத் தார்ச்சாலையில் பழக்கமில்லாதவர் ஓட்டினால் ஆபத்து. தம்பியோ மனைவியோ அதே வண்டியை எடுத்துப் போகிறவர்கள் என்றால், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டிய பிறகே சாவியைக் கொடுங்கள்.

வாங்கும்போது அரைத் தண்டின் பள்ளங்களையும் எண்ணுங்கள். எஸ்ஜே410-இல் 22, எஸ்ஜே413-இல் 26. ஒன்றுக்குச் செய்த லாக்கர் மற்றதில் நுழையாது.

டிஃப்புக்குள் வெல்டிங் அடித்து நிரந்தரமாகப் பூட்டிவிடும் வழக்கமும் இருக்கிறது. செலவு ஒன்றுமில்லை என்பதுதான் அதன் ஒரே நன்மை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் தேய்ந்தே தீரும், அரைத் தண்டு முறுக்கப்படும், மழையில் வால் வீசும். லாரியில் ஏற்றிப் போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு அது சரி. 1997 முதல் நம் நாட்டில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளின் வண்டிகளைப் பார்த்து, பசார் மாலாமுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் வண்டியை அப்படிக் கட்டக் கூடாது.

முன் அச்சுக்கு லாக்கர் வேண்டுமா? பெரும்பாலானோருக்கு வேண்டாம். பழைய எஸ்ஜே-யின் முன் சக்கரத்தைத் திருப்பும் பர்ஃபீல்ட் மூட்டு, வண்டியின் அளவுக்கே ஏற்றது. பெரிய டயர், குறைந்த கியர், முன் லாக்கர் மூன்றையும் சேர்த்து, ஸ்டேரிங்கை முழுதும் திருப்பி வைத்துக்கொண்டு எண்ணெயை மிதித்தால் அதுதான் முதலில் உடையும். லாக்கர் இருக்கும்போது அச்சுக்கு வரும் விசை முழுவதும் ஒரே சக்கரத்துக்குப் போக வழி உண்டு என்பதே காரணம். போட்டே ஆக வேண்டும் என்பவர்கள், ஸ்டேரிங்கை நேராக்கிய பிறகே மிதிக்கும் பழக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்.

புதிய ஜிம்னி

2021-இல் இங்கே அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்த 1.5 லிட்டர் ஜிம்னி 4 கட்ட ஆட்டோ கியர் கொண்டது. முதல் கியர் 2.875, லோ 2.002, அச்சு 4.300. மொத்தம் 25-க்குச் சற்றுக் குறைவு. வெளிநாடுகளில் விற்ற 5 கியர் மேனுவலில் இது 36. ஏறும்போது ஆட்டோவின் டார்க் கன்வெர்ட்டர் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். இறங்கும்போது ஈடுகட்டாது. அதற்காகத்தான் இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது பிரேக்கை வைத்து வேலை செய்வது. நீண்ட இறக்கத்தில் இடையிடையே நிறுத்தி பிரேக்கை ஆற விடுங்கள்.

சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து, எதிர்ச் சக்கரத்துக்கு விசை அனுப்பும் மின்னணு வசதியும் இந்த மாடலில் உண்டு. இது லாக்கர் அல்ல, ஆனால் பாதி வேலையைச் செய்துவிடும். சக்கரம் சுழன்றதும் பயந்து காலை எடுத்துவிடாமல், எண்ணெயை அளவாக மிதித்தபடி ஓரிரு விநாடி காத்திருந்தால் அது பிடித்துக்கொள்வது தெரியும். இதைப் பழகிப் பார்க்காமலேயே லாக்கர் வாங்க ஓடுவது அவசரம். உத்தரவாதக் காலம் முடியாதவர்கள், டிஃப்பைத் திறப்பதற்கு முன் விற்பனை மையத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குக் கொடுக்கும் முன்

டயர் மொட்டையாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. நல்ல மண் டயரை வாங்கி, சேற்றுப் பாதையில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிப் பாருங்கள். ஜிம்னி போன்ற இலகுவான வண்டிக்கு அதுவே பல மேடுகளை ஏற்றிவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் காற்றை மறுபடி அடிக்க மறக்காதீர்கள். சில இடங்களில் டயரில் சங்கிலி கட்டி ஓட்டுவதும் உண்டு. அதற்குப் பிறகும் வண்டி நிற்கிறது என்றால்தான் கியரா, லாக்கரா என்ற கேள்வி.

சரிவில் சுமையோடு போய்வரும் வண்டிக்கு என் வரிசை இது: டயர், டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர், பிறகு பணம் சேர்ந்ததும் திறந்து மூடும் வகையில் பின் லாக்கர். சமதளச் சேற்றில் பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர் டயருக்கு அடுத்ததாகப் பின் லாக்கரைப் போட்டுக்கொள்ளலாம். அவருக்கு இறக்கம் ஒரு பெரிய பிரச்சினை அல்ல.

வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யின் அனுமதி தேவை. டயருக்காக வண்டியை உயர்த்துபவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, டிஃப் எண்ணெயை ஒரு முறை மாற்றுங்கள். வடியும் எண்ணெயில் மாவு போன்ற இரும்புத்தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு. சில்லுகள் வந்தால் திரும்பப் பட்டறைக்குப் போங்கள். ஆற்றைக் கடக்கும் பாதை உங்களுடையது என்றால், டிஃப்பின் காற்றுக் குழாயை எஞ்சின் அறை வரை உயர்த்திவிடச் சொல்லுங்கள். சூடான டிஃப் குளிர்ந்த நீரில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே மாற்றுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதீர்கள்.